ஜே ஸீமரும் ‘ஓல்ட் 666’ வேவுப் பயணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1943 ஜூன் 16 அன்று, நியூ கினியிலிருந்து புறப்பட்ட ஓர் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம், ஒரு குண்டும் வீசாமல் சில படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பியது. அதில் சென்ற ஒன்பது பேரில் ஒருவர் இறந்தார். விமானி இறந்துவிட்டதாகவே தரையில் இருந்தவர்கள் முதலில் நினைத்தார்கள். அந்த ஒரே பயணத்துக்காக அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் இருவருக்கு வழங்கப்பட்டது. இந்த நிகழ்ச்சியைப் பற்றி வாசகர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. பலமுறை சொல்லப்பட்டு மெருகேறிப்போன கதை இது என்பதால், மெருகு எது, நடந்தது எது என்பதையும் இயன்ற இடங்களில் பிரித்துக் காட்டியிருக்கிறேன்.

ஜே ஸீமர் யார்?

ஜே ஸீமர் 1918 ஜூலை 25 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் நகரில் பிறந்தார். நியூ ஜெர்சியின் ஆரஞ்ச் என்னும் ஊரில் வளர்ந்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் கட்டடப் பொறியியல் படித்து 1940இல் பட்டம் பெற்றவர், அதற்கடுத்த ஆண்டு இராணுவ விமானியானார். முதலில் அவருக்குக் கிடைத்தது இரட்டை எஞ்சின் கொண்ட பி-26 விமானத்தில் துணை விமானியின் இருக்கை. அந்த விமானத்தைத் தரையிறக்குவது எளிதன்று. ஸீமரால் அதில் முதன்மை விமானியாகத் தேர்ச்சிபெற முடியவில்லை. துணை விமானியாகவே இருந்து சலித்துப்போன அவர், ஒருமுறை எதிரியின் விமான எதிர்ப்புக் குண்டுகள் சுற்றிலும் வெடித்துக்கொண்டிருந்தபோது இருக்கையிலேயே உறங்கிவிட்டார் என்றொரு கதையும் உண்டு. 1942இன் பிற்பகுதியில் 43ஆம் குண்டுவீச்சுப் பிரிவுக்கு மாற்றம் பெற்று, நான்கு எஞ்சின்கள் கொண்ட பி-17 விமானத்துக்கு வந்த பிறகே அவருடைய திறமை வெளிப்பட்டது. ஒரு விமானத்தில் தேறாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் இன்னொரு விமானத்தில் பெயர் வாங்கியது அவருடைய மேலதிகாரிகளுக்கே வியப்பாக இருந்திருக்கும்.

பூகன்வில் தீவை ஏன் படமெடுக்க வேண்டியிருந்தது?

பூகன்வில் தீவு சாலமன் தீவுக்கூட்டத்தின் வடமேற்கு முனையில் இருக்கிறது. அரசியல் வகையில் இன்று பப்புவா நியூ கினியைச் சேர்ந்த தன்னாட்சிப் பகுதி. 1943இல் அது ஜப்பானியர் கையில் இருந்தது. அதன் தெற்கு முனையிலும், வடக்கே ஒட்டியிருக்கும் பூகா தீவிலும் அவர்களுக்கு விமானதளங்கள் இருந்தன. ஜப்பானியக் கடற்படைத் தளபதி யமமோட்டோவின் விமானத்தை அமெரிக்கர்கள் சுட்டு வீழ்த்தியது இந்தத் தீவின் மேல்தான்; ஸீமரின் பயணத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, 1943 ஏப்ரல் 18 அன்று அது நடந்தது.

அமெரிக்கப் படைத்தலைமையின் உண்மையான இலக்கு இன்னும் மேற்கே, நியூ பிரிட்டன் தீவில் இருந்த ராபவுல் என்னும் பெருந்தளம். அதைத் தொடர்ந்து தாக்க வேண்டுமானால் சண்டை விமானங்கள் போய்த் திரும்பும் தொலைவுக்குள் ஒரு விமானதளம் வேண்டும். அதற்குப் பூகன்வில்லின் மேற்குக் கரையில் இருக்கும் எம்பிரஸ் அகஸ்டா விரிகுடா பொருத்தமான இடமாகத் தோன்றியது. ஆனால் அந்த விரிகுடாவைப் பற்றி அவர்கள் கையில் இருந்த கடல் வரைபடங்கள் பழையவை, நம்பத் தகாதவை. பவளப்பாறைகள் எங்கே இருக்கின்றன, எந்த இடத்தில் படகு தரைதட்டும், கரையை அடுத்த காட்டில் எங்கே சதுப்பு, எங்கே உறுதியான நிலம் என்பவை தெரியாமல் ஆயிரக்கணக்கான வீரர்களைக் கரையேற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றைத் தாண்டுவதற்கு ஒப்பானது. ஆகவே யாராவது ஒருவர் எதிரியின் தலைக்கு மேலே பறந்து அந்தக் கரையைப் படமெடுத்து வர வேண்டியிருந்தது.

படமெடுப்பதில் அப்படி என்ன அபாயம்? குண்டு வீசுவதைவிட எளிதல்லவா?

இந்தக் கேள்விக்குத்தான் சற்று விரிவாக விடை சொல்ல வேண்டும். இது புரியாவிட்டால் ஸீமர் செய்தது என்ன என்பதே புரியாது.

சாதாரண வேவுப் படத்துக்கும் நிலவரைபடத்துக்கான படத்துக்கும் வேறுபாடு உண்டு. துறைமுகத்தில் எத்தனை கப்பல்கள் நிற்கின்றன என்று அறிய ஒரு விமானம் விரைந்து வந்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, வளைந்து ஓடிவிடலாம். வரைபடத்துக்கு அது போதாது. ஒரு படத்தின் விளிம்பு அடுத்த படத்தின் மேல் குறிப்பிட்ட அளவு படிய வேண்டும். அப்போதுதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்து மேடுபள்ளங்களைக் கணக்கிட முடியும். அதற்காக விமானம் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், ஒரே திசையில், இறக்கைகள் சிறிதும் சாயாமல் பறந்தாக வேண்டும். அன்றைய பயணத்தில் அந்த உயரம் 25,000 அடி. அவ்வளவு உயரத்தில் விமானம் ஒரே ஒரு பாகை சாய்ந்தால்கூட, நேர் கீழே பார்க்கும் கேமராவின் பார்வை தரையில் 430 அடிக்கு மேல் விலகிப்போகும். பாறைத்திட்டு ஒன்று வரைபடத்தில் 430 அடி தள்ளிக் குறிக்கப்பட்டால், அதை நம்பி வரும் படகின் கதி என்ன என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அன்று விமானத்தில் இருந்த கேமராக்கள் மூன்று: ஒன்று நேர் கீழே நோக்கியது, மற்ற இரண்டும் இருபுறமும் சாய்வாக நோக்கியவை, மூன்றும் சேர்ந்து ஒரு தொடுவானம் முதல் மறு தொடுவானம் வரை பிடிக்கும்.

எதிரியின் சண்டை விமானங்கள் வரும்போது ஒரு விமானி இயல்பாகச் செய்வது வளைவதும், தாழ்வதும், மேகத்துக்குள் மறைவதும்தான். வரைபட விமானிக்கு இவை அனைத்தும் விலக்கப்பட்டவை. அவன் தன்னை நோக்கி மேலேறி வருபவர்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, கோடு போட்டது போன்ற பாதையில், இருபது நிமிட அளவுக்கு அசையாமல் பறக்க வேண்டும். சண்டையிடுபவனுக்குக் கைகளுக்கு வேலை இருக்கிறது. அச்சத்தை அந்த வேலையில் கரைத்துவிடலாம். அசையாமல் இருப்பவனுக்கு அந்த ஆறுதலும் இல்லை. ஸீமரின் வீரத்தைப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதற்குப் பின் நடந்த துப்பாக்கிச் சண்டையையே பேசுகிறார்கள். என் கருத்தில், சண்டை தொடங்கும் முன்னரும் தொடங்கிய பின்னரும் அவர் திசைமாற்றாமல் பறந்த அந்தச் சில நிமிடங்கள்தான் அரியவை.

‘ஓல்ட் 666’ என்பது என்ன? அது குப்பைமேட்டிலிருந்து எடுக்கப்பட்ட விமானமா?

அது போயிங் நிறுவனம் தயாரித்த பி-17இ வகை விமானம்; வரிசை எண் 41-2666. கடைசி மூன்று இலக்கங்களே பெயராகிவிட்டன. கிறித்துவ மரபில் 666 என்பது கொடிய விலங்கின் எண் என்பதால் அந்த எண்ணுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. அது கதைக்குச் சுவை கூட்டியது. விமானத்தின் மூக்கில் எழுதப்பட்டிருந்த பெயரோ ‘லூசி’ என்பது.

போரில் அடிபட்டு, ஓடுபாதையின் கோடியில் கிடந்த இரும்புக் குவியலை ஸீமரின் குழு உயிர்ப்பித்தது என்றுதான் இந்தக் கதை வழக்கமாகத் தொடங்கும். இதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. விமானம் தேய்ந்துபோயிருந்தது உண்மைதான். ஆனால் வரைபடக் கேமராக்கள் பொருத்தப்பட்டு, அதே வேலைக்கு முன்னரே பயன்பட்டும் வந்த விமானம் அது. ஸீமரின் குழு செய்தது அதன் எடையைக் குறைத்ததும், எஞ்சின்களைச் சீர்செய்ததும், எல்லாவற்றுக்கும் மேலாகத் துப்பாக்கிகளைக் கூட்டியதும். மொத்தம் 19 இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன என்பதே பலரும் சொல்லும் கணக்கு. ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தாலும், அந்த வகை விமானத்தில் வழக்கமாக இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அது. அவற்றில் ஒன்று முன்பக்கம் நோக்கி அசையாமல் பொருத்தப்பட்டு, விமானியே சுடும்படி அமைக்கப்பட்டிருந்தது. நான்கு எஞ்சின்கள் கொண்ட கனரகக் குண்டுவீச்சு விமானத்தில் விமானி தானே சுடுவது என்பது அன்று வழக்கத்தில் இல்லாத ஏற்பாடு. ஆனால் அதற்கு நல்ல காரணம் இருந்தது. பி-17இ விமானத்தின் பாதுகாப்புக் குறைந்த பகுதி அதன் மூக்கு. ஜப்பானிய விமானிகள் அதை அறிந்து நேர் முன்னாலிருந்து தாக்கப் பழகியிருந்தார்கள்.

உடன் சென்றவர்கள் யார்?

துணை விமானி ஜான் பிரிட்டன். வழி கணிக்கும் அதிகாரி ரூபி ஜான்ஸ்டன். குண்டு குறிபார்ப்பவர் ஜோசப் சார்னோஸ்கி. மேல் சுழல்மேடைத் துப்பாக்கியில் ஜானி ஏபிள். வானொலியில் வில்லியம் வான். கேமராக்களையும் நடுப்பகுதித் துப்பாக்கிகளையும் கவனித்தவர் ஜார்ஜ் கென்ட்ரிக். அடிவயிற்றுத் துப்பாக்கியில் ஃபாரெஸ்ட் டில்மன். வால் துப்பாக்கியில் ஹெர்பர்ட் பியூ. இந்தக் குழுவை ‘ஈகர் பீவர்ஸ்’ என்று அழைத்தார்கள். எந்த வேலைக்கும் முந்திக்கொண்டு கைதூக்குபவர்கள் என்பது அதன் பொருள்.

சார்னோஸ்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில், போலந்துக் குடும்பம் ஒன்றில் 1915இல் பிறந்தவர். ஸீமரும் அவரும் பழைய நண்பர்கள். போர்முனையில் அவருடைய காலம் முடிந்து, ஊர் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. வரைபடப் பயணத்தில் குண்டு வீசும் வேலையே இல்லை என்பதால், அவர் வராமல் இருந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் தாமாகவே வந்தார்.

பூகா விமானதளத்தின் மேலே பறந்தது தேவையற்ற துணிச்சல் அல்லவா?

நியாயமான கேள்வி. புறப்படுவதற்கு முந்தைய இரவில், வரைபட வேலையுடன் பூகா விமானதளத்தையும் பார்த்துவர வேண்டும் என்று கூடுதலாக ஒரு கட்டளை வந்தது. ஸீமர் அதை மறுத்தார். எதிரியின் விமானதளத்தின் மேலே போய்த் தன் வருகையை அறிவித்துவிட்டு, பிறகு பக்கத்துத் தீவின் மேலே அசையாமல் பறப்பது தேன்கூட்டைக் கலைத்துவிட்டு அதன் அடியிலேயே நிற்பது போன்றது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதிகாலை நான்கு மணியளவில் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து கிளம்பினார்கள். கடல்வழியே சுமார் 600 மைல் கடந்து பூகன்வில்லை அடைந்தபோது, எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே வந்துவிட்டிருந்தார்கள். படமெடுக்கும் அளவுக்குச் சூரியன் இன்னும் ஏறவில்லை. எதிரியின் வானத்தில் வெறுமனே வட்டமடித்துக் காத்திருப்பதா, அந்த நேரத்தில் பூகாவையும் பார்த்துவிடுவதா என்ற நிலையில் அவர்கள் பூகாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கீழே சுமார் இருபது சண்டை விமானங்கள் நிற்பதையும் அவற்றில் பல மேலெழத் தொடங்கியதையும் குழுவினர் கண்டார்கள். முந்தைய இரவு ஸீமர் அஞ்சியது அப்படியே நடந்தது. இரவு மறுத்ததைக் காலையில் ஏற்றது பிழையா என்று இன்று சாய்வு நாற்காலியில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வது எளிது. அது பிழைதான் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பிழைக்குப் பிறகு அவருக்கு இன்னொரு வழியும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. எதிரி விமானங்கள் 25,000 அடிக்கு ஏறிவர நேரம் பிடிக்கும். அப்போதே மூக்கைத் திருப்பியிருந்தால், வேவுத் தகவலோடு பாதுகாப்பாக ஊர் திரும்பியிருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தெற்கே திரும்பி, எம்பிரஸ் அகஸ்டா விரிகுடாவுக்கான நேர்கோட்டில் விமானத்தை நிறுத்தினார்.

சண்டை எப்படி நடந்தது?

வந்தவை ஜப்பானியக் கடற்படையின் ‘ஜீரோ’ விமானங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளும் 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் இரண்டும் இருக்கும். படமெடுப்பு முடியும் தறுவாயில் அவை எட்டிப்பிடித்தன. முதல் தாக்குதல் தொடங்கிய பிறகும் ஸீமர் கோட்டை விட்டு விலகவில்லை, கேமராக்கள் இயங்கிக்கொண்டிருந்தன.

பிறகு பல ஜீரோக்கள் ஒரே நேரத்தில் முன்பக்கத்திலிருந்து பாய்ந்தன. ஸீமர் தம் துப்பாக்கியால் அவற்றில் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார் என்பது பதக்கச் சான்றுரையில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதே நொடிகளில் பீரங்கிக் குண்டுகள் விமானத்தின் மூக்கிலும் விமானியறையிலும் வெடித்தன. கருவிப் பலகை சிதறியது. ஸீமரின் இரு கைகளிலும் இரு கால்களிலும் குண்டும் சிதறல்களும் பாய்ந்தன; இடது கால் முழங்காலுக்கு மேல் முறிந்தது. ஆக்சிஜன் அமைப்பும் ஹைட்ராலிக் அமைப்பும் அழிந்தன. குழுவில் ஐந்து பேர் கடுமையாகக் காயமுற்றார்கள்.

25,000 அடி உயரத்தில் ஆக்சிஜன் இல்லாமல் சில நிமிடங்களிலேயே நினைவு தப்பிவிடும். ஆகவே மூச்சுவிடக்கூடிய உயரத்துக்கு உடனே இறங்க வேண்டும். ஸீமர் விமானத்தைச் செங்குத்தாகச் சரித்தார். எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்று காட்டும் உயரமானி உடைந்துபோயிருந்தது. உயரம் குறையக் குறையக் காற்று அடர்த்தியாகும், எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தமும் கூடும் என்பதைக் கொண்டு, எஞ்சின் அழுத்தமானியைப் பார்த்தே அவர் உயரத்தைக் கணித்து, ஏறத்தாழ 10,000 அடியில் விமானத்தை நிமிர்த்தினார். முறிந்த காலோடு, இரத்தம் வழிய, எதிரிகள் பின்தொடர, ஒரு கருவிக்குப் பதிலாக இன்னொரு கருவியைப் படிக்கும் அளவுக்கு அவருடைய மூளை தெளிவாக இருந்திருக்கிறது. பொறியியல் படிப்பு எங்கெல்லாம் கைகொடுக்கும் என்பதற்கு இதைவிட விநோதமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அதற்குப் பின்னும் ஜீரோக்கள் விடவில்லை. வேவுப் பணி முடிந்துவிட்டதால், இப்போது ஸீமருக்கு வளைவதற்கும் திரும்புவதற்கும் உரிமை இருந்தது. அதை முழுமையாகப் பயன்படுத்தினார். ஒவ்வொரு ஜீரோவும் பாய்ந்து வரும்போது, அதை விட்டு விலகி ஓடாமல் அதன் பக்கமாகவே விமானத்தைத் திருப்பினார். இதனால் எதிரியின் குறி தப்பிப்போகும். அதே நேரத்தில் தம் ஆட்களுக்குச் சுட வாய்ப்புக் கிடைக்கும். ஓடும் சண்டையாக இது சுமார் 40 நிமிடங்கள் நீடித்தது. கடைசி ஜீரோ திரும்பிப் போகும் வரை, காயங்களுக்குக் கட்டுப்போட வந்தவர்களை அவர் அனுமதிக்கவில்லை.

சார்னோஸ்கி எப்படி இறந்தார்?

விமானத்தின் கண்ணாடி மூக்கில், முன்னோக்கிய துப்பாக்கிகளில் இருந்தார் சார்னோஸ்கி. முதலில் வந்தவர்களை அவர் தடுத்து நிறுத்தியதால்தான் படமெடுப்பு முடிந்தது என்று அவருடைய சான்றுரை சொல்கிறது. முன்பக்கத் தாக்குதலில் காயமுற்ற பின்னும் அவர் சுட்டுக்கொண்டே இருந்து இரண்டு விமானங்களை வீழ்த்தினார். 20 மில்லிமீட்டர் குண்டு ஒன்று மூக்கிலேயே வெடித்து, அவரை விமானியறைக்குக் கீழே இருந்த குறுகிய நடைபாதையில் தூக்கி எறிந்தது. அங்கிருந்து அவர் தவழ்ந்து தம் துப்பாக்கிக்குத் திரும்பினார். அதன் மேலேயே சாயும் வரை சுட்டார். நெஞ்சிலும் முகத்திலும் பட்ட காயத்தை விழுப்புண் என்று தனியாகப் பெயரிட்டுப் போற்றிய மொழியில் இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

திரும்பும் வழியில் விமானத்தை ஓட்டியது யார்?

துணை விமானி பிரிட்டன் காயமுற்றவர்களைக் கவனிக்க வேண்டியிருந்ததால், துப்பாக்கியாளரான ஜானி ஏபிள் சிறிது நேரம் விமானத்தை ஓட்டினார், அவரும் காயமுற்றிருந்தார். அவர் விமானி அல்லர். ஸீமர் நினைவு தப்பியும் தெளிந்தும் இருந்த நிலையில், தெளியும் போதெல்லாம் திசை சொன்னார். 580 மைல் தொலைவில் இருந்த தளத்துக்கு அவர் வழிநடத்தினார் என்பது சான்றுரையின் சொற்கள்.

புறப்பட்ட இடமான போர்ட் மோர்ஸ்பிக்கு ஏன் போகவில்லை என்று சிலர் கேட்பதுண்டு. இடையே ஓவன் ஸ்டான்லி மலைத்தொடர் இருக்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரம் 13,000 அடிக்கும் மேல். ஆக்சிஜன் இல்லாத விமானத்தில், குருதி இழந்தவர்களைச் சுமந்துகொண்டு அதைக் கடப்பது கொலைக்குச் சமம். ஆகவே மலைக்கு இந்தப் பக்கம், நியூ கினியின் வடகிழக்குக் கரையோரம் இருந்த டோபோடுரா தளத்தில், பிரேக்கும் இறக்கை மடலும் இயங்காத விமானத்தைப் பிரிட்டன் இறக்கினார். காயமுற்றவர்களை வெளியே எடுக்க ஏறியவர்கள், விமானி இறந்துவிட்டார், அவரைக் கடைசியாக எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார்களாம். ஸீமரின் காதில் அது விழுந்தது.

உண்மையில் எத்தனை ஜப்பானிய விமானங்கள் வீழ்ந்தன?

அமெரிக்கச் சான்றுரை குறைந்தது ஐந்து என்கிறது. ஜப்பானியப் பதிவுகளைக் கொண்டு பின்னாளில் ஆராய்ந்தவர்கள், தாக்கியவையும் வீழ்ந்தவையும் இதைவிடக் குறைவு என்று கருதுகிறார்கள். இதில் யாரும் பொய் சொன்னதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரே ஜீரோவை மூன்று பேர் மூன்று இடங்களிலிருந்து சுட்டால், மூன்று பேரும் அதைத் தம் கணக்கில் எழுதுவார்கள். புகையோடு தாழ்ந்து போன விமானம் பத்திரமாக இறங்கியிருக்கவும் கூடும். வான்சண்டைக் கணக்குகள் எல்லா நாட்டுப் படைகளிலும் இப்படிப் பெருகியே இருக்கின்றன. ஸீமரின் பணிக்கு இந்த எண்ணிக்கை முக்கியமே அன்று; அவர் போனது விமானங்களை வீழ்த்த அல்ல.

அந்தப் படங்கள் பயன்பட்டனவா?

பயன்பட்டன. 1943 நவம்பர் 1 அன்று எம்பிரஸ் அகஸ்டா விரிகுடாவின் டோரோகினா முனையில் அமெரிக்க மரைன் படையின் 3ஆம் பிரிவு கரையேறியது. முதல் நாளிலேயே சுமார் 14,000 பேர் இறங்கினார்கள். அங்கே அமைக்கப்பட்ட விமானதளங்களிலிருந்து ராபவுல் தொடர்ந்து தாக்கப்பட்டு, செயலிழந்து, போர் முடியும்வரை தனிமைப்பட்டுக் கிடந்தது.

ஆயினும் அந்தப் படங்களால் மட்டுமே கரையேற்றம் நடந்தது என்று எழுதுவது மிகை. நீர்மூழ்கிகளில் வந்து இறங்கிய வேவுக் குழுக்களும் அந்தக் கரையை ஆராய்ந்தன. எல்லாம் செய்தும், கரையேற்ற நாளன்று துருப்புக் கப்பல் ஒன்று வரைபடத்தில் இல்லாத நீரடி மேட்டில் தட்டிச் சில மணி நேரம் சிக்கிக்கொண்டது. ஒன்பது பேர் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த படங்களுக்குப் பிறகும் அந்த விரிகுடா தன் எல்லா இரகசியங்களையும் சொல்லிவிடவில்லை. படங்கள் இல்லாதிருந்தால் எத்தனை கப்பல்கள் தட்டியிருக்கும் என்று கேட்டுக்கொண்டால் அவற்றின் மதிப்புப் புரியும்.

என்னென்ன பதக்கங்கள் வழங்கப்பட்டன?

ஸீமருக்கும், இறந்தபின் சார்னோஸ்கிக்கும் ‘மெடல் ஆஃப் ஆனர்’. மற்ற ஏழு பேருக்கும் அதற்கு அடுத்த நிலையில் உள்ள ‘டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ்’. ஒரே வான்பயணத்துக்காக இவ்வளவு உயர்ந்த விருதுகள் பெற்ற குழு அமெரிக்க வரலாற்றில் வேறில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஸீமருக்கு 1944 ஜனவரியில் வான்படைத் தலைவர் ஜெனரல் ஆர்னால்ட் பதக்கத்தை அணிவித்தார்.

மற்ற வேவு விமானிகளும் இப்படிப் போரிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை, அதனால்தான் ஸீமரின் கதை பரவலாகத் தெரிகிறது. பிரிட்டன் வான்படையின் வேவு ஸ்பிட்ஃபயர் விமானங்களில் துப்பாக்கியே இருக்காது. அந்த எடைக்கும் இடத்துக்கும் எரிபொருளும் கேமராவும் வைத்திருப்பார்கள். உயரமும் வேகமுமே அவர்களுடைய கவசம். 1941 மே 21 அன்று நார்வேயின் கடற்கழி ஒன்றில் நின்ற ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கைப் படமெடுத்த மைக்கேல் சக்லிங் அப்படித் தனியாகப் பறந்தவர்தான். இரண்டே மாதங்களில், ஜூலையில், இன்னொரு வேவுப் பயணத்திலிருந்து அவர் திரும்பவில்லை. இந்திய வான்படையில் ஜக் மோகன் நாத், கேன்பெரா விமானத்தில் 1962, 1965 ஆகிய இரு போர்க்காலங்களிலும் செய்த வேவுப் பணிக்காக மகாவீர் சக்ரா விருதை இரண்டு முறை பெற்றார். இவர்களுடைய பயணங்களில் வெடியோசை குறைவு, சொல்வதற்குச் சண்டைக் காட்சி இல்லை. ஆகவே இவர்களைப் பற்றி எழுதப்பட்டதும் குறைவு. நன்றாக முடிந்த வேவுப் பயணத்தில் கதை இருக்காது என்பது அந்தத் தொழிலின் இயல்பு.

ஸீமர் பின்னர் என்ன ஆனார்?

அவருடைய காலை நீக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். ஆனால் கால் தப்பியது. கால்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட உலோகத் துண்டுகள் எடுக்கப்பட்டன. ஓராண்டுக்கும் மேல் மருத்துவமனைகளில் கழிந்தது. 1945இல் லெப்டினன்ட் கர்னலாக, உடல்நிலை காரணமாக ஓய்வுபெற்றார். படித்த கல்விக்கழகத்துக்கே திரும்பி, விமானப் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, விண்ணூர்தித் துறை நிறுவனங்களில் பல்லாண்டுகள் பணியாற்றினார். 2007 மார்ச் 22 அன்று, 88 வயதில், மெய்ன் மாநிலத்தில் காலமானார்.

அந்த விமானத்தை இன்று எங்கே பார்க்கலாம்?

பார்க்க முடியாது. சீர்செய்யப்பட்டு மீண்டும் பறந்த ‘ஓல்ட் 666’ பின்னர் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, ஆயிரக்கணக்கான மற்ற விமானங்களைப் போலவே உடைக்கப்பட்டு உலோகமானது. பதக்கங்களை எண்ணிப் பார்த்தவர்கள் அந்தத் தகடுகளைக் காப்பாற்ற நினைக்கவில்லை. ஸீமரின் கல்லறை வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. சார்னோஸ்கி ஹவாயில், ஹொனலூலு நகரின் மேலே அவிந்துபோன எரிமலை வாயில் அமைந்த படைவீரர் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.